அஷ்டமியில் ஆடுகிற கிளப்

சென்ற வாரம் போர்ட் பிளேரிலிருந்து ஒருவர் போன் செய்தார். எங்கள் தீவுகளில் கால்பந்து லீக் நடத்துகிற சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவராம். ஆண்டு மலர் போடுகிறார்கள், அதில் பழைய கிளப்புகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், எங்கள் பாம்பூஃப்ளாட் கிளப்பின் வரலாற்றை அரைப் பக்கத்துக்கு எழுதித் தரவேண்டும் என்றார். எப்போது ஆரம்பித்தது, யார் ஆடினார்கள், என்ன கோப்பை வாங்கியது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, துக்க வீட்டில் விசாரிப்பதுபோல, "எந்த வருஷம் மேடம் முடிஞ்சது?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அரைப் பக்கத்தில் முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிளப்பை ஆரம்பித்தவர்கள் வீரர்கள் ஒன்றும் இல்லை. எதிர்க்கரையில், போர்ட் பிளேர் டவுனில், மரம் அறுக்கவும் படகு ஜெட்டியில் மூட்டை இறக்கவும் தினமும் ஃபெர்ரியில் போய்வந்தவர்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரோடு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று பதினொரு பேருக்கு ஐந்து பாஷை. மைதானத்துக்குள் ஹிந்திதான். வீட்டில் ஒரு வார்த்தை ஹிந்தி பேசாத அப்பா, பந்தைக் கண்டதும் ஹிந்தியில் திட்ட ஆரம்பித்துவிடுவார். டவுன்காரர்கள் எங்களை "உஸ் பார் வாலே" என்பார்கள், அக்கரைக்காரர்கள் என்று அர்த்தம். இளப்பமாகச் சொன்னதுதான். நாங்கள் அதையே எடுத்து, கோல் போட்டால் கத்துகிற கோஷமாக வைத்துக்கொண்டோம். கோப்பை வாங்கினோமா என்றால், இல்லை. எழுதிக்கொள்ளட்டும்.

மைதானமும் அவர்களே செய்ததுதான். ஓடைக்கரையில் தாழம்புதரும் கல்லுமாகக் கிடந்த இடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டித் திருத்தினார்கள். சுனாமியின்போது அந்த இடத்தில் அலையைவிட மோசமான ஒன்று நடந்தது. நிலம் இறங்கிவிட்டது. அலை வந்தால் திரும்பிப் போய்விடும், இறங்கிய நிலம் ஏறுவதில்லை. அன்றிலிருந்து அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் கடல் ஓடை வழியாக ஏறி, வடக்கு கோல்போஸ்ட்டைத் தாண்டி, நடுக்கோடு வரை வந்து நிற்கும். காலையில் ஏறும், மதியம் இறங்கும், சேறு காய இன்னும் சில நாள் ஆகும். வீடு போனவர்களுக்கு வீடு வந்தது. வயல் போனவர்களுக்கு ஏதோ கொஞ்சம் வந்தது. மைதானம் போனவர்கள் என்று ஒரு ஜாதியே எந்த ஆபீசிலும் இல்லை.

விட்டுவிடுங்கள் என்றார்கள் டவுனில். நாங்கள் விடவில்லை. கடல் வராத நாளாகப் பார்த்து ஆடினோம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அரை நிலா நாள்களில் கடல் சோம்பிக் கிடக்கும் என்று கரையில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரை நிலா என்றால் எங்கள் வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரில் அஷ்டமி, நவமி. ஊரிலிருந்து கப்பலில் வருகிற காலண்டர் அது. ஆகவே தேதி குறிக்கிற வேலை எங்கள் வீட்டுக்கு வந்தது. பெண் பார்க்க, கடை திறக்க, பிரயாணம் கிளம்பத் தமிழர்கள் எந்த நாளை ஒதுக்குவார்களோ, அந்த நாளைத் தேடித் தேடி நாங்கள் மேட்ச் வைத்தோம். அஷ்டமியை ஒட்டி ஒரு ஞாயிறு வந்தால் போதும், கம்பத்தில் வலை கட்டிவிடுவோம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அஷ்டமியில பந்து ஒதைச்சா ஒருத்தனும் உருப்படியா வீடு வந்து சேர மாட்டான்டி." சொன்னதுபோலவே முதல் அஷ்டமி ஆட்டத்தில் எங்கள் முன்வரிசைக்காரர் ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். எலும்பை முறித்ததும் அஷ்டமி இல்லை, எதிரணியின் பின்வரிசையில் நின்ற ஒரு தடியர். பெங்காலிப் பையன்களுக்கு எங்கள் வீட்டுப் பயமே புரியவில்லை. அவர்களுக்கு அஷ்டமி துர்கா பூஜையின் பெரிய நாள். புதுச்சட்டை போடுகிற நாளில் என்ன கெட்டது வரும் என்று கேட்டார்கள்.

அப்பா போன பிறகு நான் செயலாளர் ஆனேன். தகுதி ஒன்றே ஒன்று. என் ஆபீஸ் டெலானிபூரில் இருந்தது. தினமும் ஃபெர்ரியில் எதிர்க்கரை சாத்தம் ஜெட்டிக்குப் போய், அங்கே பஸ் பிடித்து, டவுனுக்குள் போகிற ஆள் நான்தான். பொம்பளை செயலாளரா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தலையில் இன்று முடி இல்லை, நான் இன்னும் செயலாளராக இருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சங்கத்தில் ஒரு புதுப் பொறுப்பாளர் வந்தார். மாற்றலில் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தமிழர். நெற்றியில் விபூதி, மரியாதையான பேச்சு. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். லீக்கில் இருக்கிற ஒவ்வொரு கிளப்புக்கும் ஆடத்தக்க சொந்த மைதானம் வேண்டும், உங்கள் மைதானத்தைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, ஒரு மேட்ச் அன்று நேரில் வந்து பார்ப்போம், சரியில்லை என்றால் டவுனில் இருக்கிற பெரிய கிளப்போடு சேர்ந்துவிடுங்கள் என்றார்.

சேர்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்களைப் போல இன்னொரு அக்கரைக் கிளப் அப்படிச் சேர்ந்தது. அதன் பையன்கள் ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் பெஞ்சிலும் அவர்களைக் காணோம். பிராக்டிஸ் முடிந்து ஃபெர்ரி பிடித்து வீடு வருவதற்குள் எவனுக்கும் வெறுத்துவிடும். அன்று முடிவாகவேண்டியது இதுதான்: எங்கள் பையன்கள் ஆடுவார்களா, பாட்டில் தூக்குவார்களா.

வந்து பாருங்கள் சார், ஆனால் நான் சொல்கிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன். காலண்டரைப் பார்த்துத் தேதியும் சொன்னேன். அவர் தலையாட்டினார். நிம்மதியாக ஃபெர்ரி ஏறினேன்.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் வேறு தேதி இருந்தது. அவரிடம் ஓடினேன்.

அவர் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சிரித்தார். "நீங்க சொன்னது அஷ்டமி மேடம். கவனிக்கலயா? உங்க கிளப்போட தலையெழுத்தே அன்னைக்குத்தானே முடிவாகுது! நம்ம ஜனம், நாமளே பாக்கலேன்னா யார் பாப்பாங்க? பௌர்ணமியா பாத்துப் போட்டேன். முகூர்த்த நாள். காலைல பத்து மணிக்கு நல்ல நேரம்."

"பௌர்ணமியா? அதுவும் காலைலயா? சார், கடல் வரும் சார்!"

"கடல் எங்க வரும்?"

"கோல்போஸ்ட்டுக்கு."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளையாடவில்லை என்று புரிந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ரெஃப்ரீக்குச் சொல்லியாகிவிட்டது, எதிரணிக்குச் சொல்லியாகிவிட்டது, மேலே இருப்பவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மாற்ற முடியாது. கெடுக்கவேண்டும் என்று நினைத்தவரிடம் சண்டை போடலாம். நல்லது செய்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை மைதானத்தில் எல்லோரிடமும் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்றார் ஒருவர். ஓடை வாயில் மணல் மூட்டை அடுக்கலாம் என்றார் இன்னொருவர். எங்கள் கேப்டன் ஒரு தெலுங்குப் பையன், ஆட்டோ ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். "பானி ஆயேகா தோ ஆயேகா, தீதி. ஹம் பீ ஆயேங்கே" என்றான். தண்ணீர் வந்தால் வரட்டும் அக்கா, நாமும் வருவோம். மணல் மூட்டையும் அடுக்கினோம். அது வேறு விஷயம்.

பௌர்ணமிக் காலையில் ஃபெர்ரியிலிருந்து பொறுப்பாளர், ரெஃப்ரீ, டவுனின் அந்தப் பெரிய கிளப்பின் அணி எல்லோரும் இறங்கினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கடல் வந்துவிட்டது. மணல் மூட்டைகளை அது லட்சியமே செய்யவில்லை. வடக்குப் பாதி முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர், கோல்வலைக்குள் குட்டி மீன்கள். ரெஃப்ரீ பந்தைக் கீழே போட்டார். அது மிதந்தது.

எதிரணியில் ஒருவன் ஹிந்தியில், இது கிளப்பா ஸ்விம்மிங் பூலா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கத்தில் இல்லை, கோபத்தில். "ஹஸோ மத்!" என்று கத்தினேன். சிரிக்காதே. உங்கள் மைதானத்தைச் சர்க்கார் கட்டிக் கொடுத்தது. எங்களுடையதைக் கடல் எடுத்தது. எடுத்ததைப் பாதி மாதத்துக்காவது திரும்பப் பிடுங்கி வைத்திருக்கிறோம். உங்களால் அது முடியுமா? ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். அப்பாவுக்கு நேர் தலைகீழ்.

ரெஃப்ரீ தன் வேலையைச் செய்தார். ஆட்டம் ரத்து என்று விசில் ஊதினார். அப்போது எங்கள் கேப்டன் தண்ணீருக்குள் இறங்கி, நடுக்கோட்டில் தன் இடத்தில் போய் நின்றான். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். கோல்கீப்பர் வடக்கு கோல்போஸ்ட்டுக்குப் போய், மீன்களை விலக்கிவிட்டு நின்றார். பதினொரு பேரும் ஜெர்சியோடு அவரவர் இடத்தில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் சத்தியமாகச் சொல்லவில்லை.

"என்ன மேடம் பண்றாங்க?" என்றார் பொறுப்பாளர்.

"கடல் போறதுக்காக நிக்கிறாங்க சார். அது மதியம் போயிரும்."

போகச் சொன்னார், கெஞ்சினார், வெயிலைக் காட்டினார். அவர்கள் நகரவில்லை. வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து கூடினார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள், யாரோ தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொருவருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள். எதிரணி ஃபெர்ரிக்குப் போகவேண்டியவர்கள், போகாமல் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கேலி பேசினார்கள். பிறகு பேச்சு குறைந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது தண்ணீர் கோல்கீப்பரின் கால்களை விட்டு இறங்கி, ஓடைப் பக்கம் நகர ஆரம்பித்தது. அப்போது அவர்களுடைய கேப்டன் எழுந்து, பூட்ஸைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கினான். ரெஃப்ரீ தலையைச் சொறிந்தார். விசில் ஊதமாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஊதுவேன் என்றும் சொல்லவில்லை. பந்து உருண்டதும் அவர் கை தானாக விசிலுக்குப் போய்விட்டது.

தோற்றோம். மூன்றுக்கு ஒன்று. சேற்றில் விழுந்து புரண்டதில் எந்த ஜெர்சி யாருடையது என்றே தெரியவில்லை. அந்த ஒரு கோலுக்கு ஊரே "உஸ் பார் வாலே" என்று கத்திய சத்தம் சாத்தம் வரை கேட்டிருக்கும். இருட்டுவதற்குள் எல்லோரையும் ஃபெர்ரி ஏற்றினோம்.

பொறுப்பாளர் நேர்மையான மனிதர். மைதானம் ஆடத்தக்கதல்ல என்றுதான் எழுதினார். அவர் கண்ணால் பார்த்தது அது. சேர்ந்துவிடுங்கள் என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். சேரமாட்டோம் என்றேன்.

"அப்ப லீக்ல பேர் இருக்காது மேடம்."

"இல்லேன்னா இல்லாமப் போகட்டும் சார். அடுத்த அஷ்டமிக்கு மேட்ச் வச்சிருக்கோம். நீங்களும் வாங்க."

யாரோடு மேட்ச் என்று அவர் கேட்கவில்லை. எங்களோடு ஆட ஒரு அணியும் இல்லை. அந்த ஞாயிறு காலையில் வலையைக் கட்டிவிட்டு, கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டு, ஜெட்டியில் போய் நின்றேன். மைதானம் காய்ந்து கிடந்தது. யாரும் வராவிட்டால் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது என்று வைத்திருந்தோம். ஃபெர்ரியின் பலகை இறங்கியது. மீன்கூடைகள், ஸ்கூட்டர்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பைகள். கடைசியாக அந்தப் பெரிய கிளப்பின் கேப்டன், பூட்ஸைக் கயிறு கட்டித் தோளில் போட்டுக்கொண்டு. பின்னால் முழு அணியும் வந்தது.

பொறுப்பாளர் வரவில்லை. அஷ்டமியில் தான் வெளியே கிளம்புவதில்லை என்று சொல்லியனுப்பினார். அவரவர் வழக்கம் அவரவருக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளப்பாக வர ஆரம்பித்தது. எங்கள் ஆட்டங்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தோற்பதும் ஜெயிப்பதும் எங்களுக்கும் ஃபெர்ரிக்காரர்களுக்கும் தெரியும். ஹேவ்லாக் தீவில் ரிசார்ட்டுகளில் வேலை செய்கிறவர்கள்கூட ஒரு அணி சேர்த்துக்கொண்டு, கப்பல் டிக்கெட் எடுத்து வந்து ஆடிவிட்டுப் போனார்கள்.

எந்த வருஷம் முடிந்தது என்று கேட்டவருக்கு நேற்று நானே போன் செய்தேன். உங்கள் மலரில் எங்களை இறந்தவர்கள் பக்கத்தில் போடாதீர்கள் என்றேன். இருக்கிறவர்கள் பக்கத்தில் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால் எங்கேயும் போடவேண்டாம். அவர் தடுமாறிக்கொண்டு, அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை அஷ்டமி. காலைல ஃபெர்ரி பிடிச்சு வாங்க. பாத்துட்டு எழுதுங்க" என்றேன்.