வெற்றிலை போட்ட பேஸ்போல் வீரர்

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாரிஸிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, லண்டன் வெம்பிளியில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தார். விலை எழுதும் அட்டைகளில் அவர் வரைந்த கத்தரிக்காய்க்கு மீசை இருக்கும். பூசணிக்காய் கொட்டாவி விடும். சனம் சிரித்துவிட்டு விலை பார்க்காமல் வாங்கிப் போகும். ஆனால் மனித முகம் மட்டும் வரையமாட்டார். கேட்டால், "கத்தரிக்காய் கோவிக்காது பிள்ளை" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் என் அமெரிக்கச் சிநேகிதிக்குப் பிறந்தநாள் வந்தது. அவளுக்கு ஒரு பேஸ்போல் வீரர்மீது உயிர். அவருடைய படம் போட்ட அட்டையை இரவல் வாங்கி வந்து, அவரை வேடிக்கையாக வரைந்து தரவேண்டும் என்று மாமாவிடம் ஒற்றைக்காலில் நின்றேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். இடையில் பிஸ்கட் தின்றதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் மாமா பென்சிலை எடுத்தார்.

"இந்த மனிசனுக்குக் கோவம் வருமோ?"

"அவர் அமெரிக்காவில இருக்கிறார், மாமா."

"ஓம், அமெரிக்கா தூரந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தே நிமிடம். தாடை நீண்டது, தொப்பியைத் தாண்டிக் காதுகள் விரிந்தன. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்ததைப் பார்த்து, "வெத்திலை போடுறவர் போல" என்று சிவப்புப் பென்சிலால் உதட்டைச் செக்கச்செவேலென்று ஆக்கினார். அட்டையிலிருந்த ஆளைவிட இந்த ஆளுக்குத்தான் உயிர் இருந்தது. அந்தக் கைமேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை.

பேர் போடச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

சிநேகிதியின் தகப்பன் அதை முன்னும் பின்னும் பிரதி எடுத்து அந்த வீரருக்கே அனுப்பிவிட்டார். சந்தோஷத்தோடு ஓடிவந்து சொன்னேன். மாமாவின் தேநீர் சிந்தியது.

"பின்னால விலாசம் ஏதும் எழுதினனியோ?"

"ஓம். எங்கட விலாசந்தான்."

அதன்பிறகு அழைப்புமணி அடித்தால் மாமா குசினிக்குள் போய்விடுவார். புகழ் வந்தால் வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. நான் தமிழில் சொன்னேன்: படத்தைப் பார்த்து வீடே விழுந்து விழுந்து சிரித்ததாம். வாயில் இருந்தது சூயிங்கமாம். பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாராம். வரைந்தவர் பேர் போட்டுத் தந்தால் சுவரில் மாட்டுவாராம்.

"சிரிச்சவராமோ? வடிவா வாசி."

நான்கு தரம் வாசித்தேன்.

ஊரில் ஒரு பத்திரிகையில், பெரிய மனிதர் ஒருவரின் மூக்கை நீட்டி வரைந்ததற்காக மாமாவைத் தேடி ஆட்கள் வந்ததையும், அவர் அன்றைக்கே வீட்டை விட்டுப் போனதையும் அம்மா சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? மாமா பேனாவை எடுத்து, படத்தின் மூலையில் தன் முழுப்பெயரையும் எழுதினார். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

"இவ்வளவு வடிவா கீறுறீங்கள், உங்கட பேரை எழுத ஏலாதோ?" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.