எர்மெக்குக்கு நான் வைத்த இடுப்பெலும்பு

என் கத்தி பட்ட ஆட்டில் ஓர் எலும்பு உடைந்ததாக எங்கள் நாரின் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவரும் சொல்ல முடியாது. எங்கள் விருந்துகளில் ஆட்டை எலும்போடு வெட்டக் கூடாது, மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும். கத்தி முனையை உள்ளே விட்டுத் தசைநாரை அறுத்தால் எலும்பு முனையின் பந்து மூட்டுக் கிண்ணத்தை விட்டுத் தானாகக் கழன்றுவரும். பிறகு வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி ஆளுக்கோர் எலும்பு. இடுப்பெலும்புக்கு ஜம்பாஷ் என்று பெயர். அது அறுபது தாண்டிய கிழவர்களுக்கு உரியது. அதை ஆள் மாற்றி வைப்பவன் முட்டாளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போன்ற அதிபுத்திசாலியாக இருக்க வேண்டும்.

எர்மெக் என் அக்கா மீர்குல்லின் கணவர். அப்போது முப்பத்து நான்கு வயது. எங்கள் ஊர் கோக்-போரு குதிரை விளையாட்டு அணியில் அவரைக் கேட்டுத்தான் எதுவும் நடக்கும். தரையில் கிடக்கும் தலையில்லாத ஆட்டுடலைக் குதிரை மேலிருந்தே குனிந்து அள்ளி, தொடைக்கும் சேணத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாய்ந்து, எதிராளியின் தொட்டியில் எறிய வேண்டும். முப்பது கிலோவுக்குக் குறையாது. அத்தானின் வலது தொடைக்கு அடியில் போன ஆட்டை ஷைத்தானே வந்தாலும் உருவ முடியாது என்பார்கள்.

அந்த வலது இடுப்புதான் இரண்டு வருடமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. மூட்டுவாதம். காலையில் பூட்ஸ் போடக் குனிய முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு அக்காதான் மாட்டிவிடுவாள். சேணத்தில் ஏறும்போது அவர் வலது காலைக் கையால் தூக்கிப் போடுவதை ஒருநாள் நான் லாயத்தில் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

கடைசியில் நான்தான் காரோட்டி பிஷ்கெக்குக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு அந்த டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் பேசினார்.

"இந்த வயசுல முழு மூட்டையும் வெட்டி எடுக்க எனக்கு மனசில்ல. தேஞ்ச பந்தை மேலாகச் சீவிட்டு, பல்லுக்குப் போடற மாதிரி ஒரு உலோகத் தொப்பி மாட்டிடலாம். கிண்ணத்துக்குள்ள ஒரு உலோக ஓடு. உங்க எலும்பு உங்ககிட்டயே இருக்கும்."

"குதிரை?" என்றார் அத்தான்.

"ஒரு வருஷம் கிட்டயே போகக் கூடாது. அப்புறம் ஏறலாம். உலோகம் ரத்தத்துல கலக்குதான்னு அப்பப்ப சோதிச்சுக்கணும், அதையும் சொல்லிடறேன். ஆனா அடியில எலும்பு கெட்டியா இருந்தாத்தான் தொப்பி நிக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அங்கங்க குழி விழுந்திருக்கு. நவம்பர் பத்துக்குத் தேதி தரேன். அதுவரைக்கும் சேணத்துல உக்காராதீங்க. பந்து நொறுங்கிச்சுன்னா தொப்பி மாட்ட எடமே இருக்காது. மூட்டையே மாத்தணும். நடக்கலாம். இந்த விளையாட்டை மறந்துடணும்."

திரும்பும் வழியில் அத்தான் கேட்டார்: "டேய் குபாத், நீ தினம் பாக்கறவன். நல்ல ஆட்டுக்கு அந்தப் பந்து எப்படி இருக்கும்?"

"உரிச்ச முட்டை மாதிரி வழவழன்னு இருக்கும் அத்தான்."

"என்னோடது?"

"படத்துல பாத்தேன். பூச்சி அரிச்ச உருளைக்கிழங்கு."

அக்கா புருஷனைக் கேலி செய்ய மச்சினனுக்கு எங்கள் ஊரில் தடையே கிடையாது. அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உடம்புக்குள்ள இரும்பு, ஒரு வருஷம் வீட்டுல. அதுக்குள்ள என் எடத்துக்கு எவனாவது வந்துட்டா?" என்றார். அப்போது சிரிப்பு இல்லை. ஆனாலும் ஊர் வந்து சேர்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். தேதி வரை குதிரை ஏறமாட்டேன் என்று அக்காவின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

அந்தத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் பழைய அணித்தலைவர் சாதிபெக்கின் ஓராண்டு நினைவு விருந்து வந்தது. எர்மெக்கைக் குதிரையில் ஏற்றிப் பழக்கியவர் அவர். பகலில் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் கோக்-போரு.

காலையில் நான் கொப்பரை அருகே ஆடு பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"அவரோட பூட்ஸைக் காணோம்டா. சவுக்கையும் காணோம்."

"தானா போட்டுக்கிட்டாரா?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. எப்படி வலிச்சிருக்கும்! நீ ஏதாவது பேசி நிறுத்துடா. நீ சொன்னா சிரிச்சுக்கிட்டாவது கேப்பாரு."

என் கையில் அப்போது ஒரு தொடை இருந்தது. இளம் ஆடுதான். ஆனால் பந்து மங்கலாக, ஓரத்தில் ஒரு பள்ளத்தோடு இருந்தது. அத்தனை வருடத்தில் இளம் ஆட்டில் அப்படி நான் பார்த்ததில்லை. கத்தியைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தப் பந்து உட்கார்ந்திருந்த இடுப்பெலும்பைத் தனியாக எடுத்துவைத்தேன். என் மூளை அங்கேதான் வேலை செய்தது.

கூடாரத்துக்குள் வயது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்கள் உள்ளே தள்ளி, அத்தானும் அவர் வயதுக்காரர்களும் வாசல் பக்கம். நான் தட்டோடு நுழைந்து அந்த ஜம்பாஷை அத்தானின் முன்னால் வைத்தேன்.

"எடுத்துக்குங்க தாத்தா. குதிரையெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நீங்க இதை மென்னுட்டு வெயில்ல உக்காருங்க."

கூடாரமே வெடித்துச் சிரித்தது. தோக்தோசுன் பெரியவர், எழுபத்தொன்பது வயது, பல்லில்லாத வாயால் கூப்பிட்டார்: "வாப்பா எர்மெக், என் பக்கத்துல எடமிருக்கு. கைத்தடியும் ஒண்ணு கூடுதலா இருக்கு!"

எதிரணி ஆள் ஒருவன் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தான். அத்தானும் சிரிப்பார், கையை ஆட்டுவார், விஷயம் அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் வெளுத்தது. தட்டைத் தொடவில்லை. ஜம்பாஷ் வாங்கியவர் ஒரு துண்டு அறுத்துப் பரிமாறியவனுக்குக் கொடுக்க வேண்டும். அதற்காக நான் மடையன் மாதிரி நின்றுகொண்டே இருந்தேன்.

"யாருக்கு இது உரியதுன்னு சாயங்காலம் சொல்றேன்" என்று எழுந்து போனார். நொண்டாமல் நடந்தார். அதற்கு என்ன வலி வலித்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"அத்தான், விளையாட்டுக்குச் சொன்னேன்!" என்று பின்னாலேயே ஓடினேன். லாயத்தில் அவர் வலது காலைக் கையால் தூக்கிச் சேணத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் விளையாடத்தான் போறேன். தள்ளு."

முதல் ஆட்டை எடுத்துத் தொட்டியில் போட்டார். ஊரே கத்தியது. அக்கா முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். இரண்டாவது முறை வலப்பக்கம் சாய்ந்து ஆட்டை அள்ளினார். ஒருவரும் அவர்மேல் மோதவில்லை. அவர் விழவும் இல்லை. சாய்ந்தவர் நிமிரவில்லை, அவ்வளவுதான். பிடரி மயிரை ஒரு கையால் பற்றியபடி தொங்கினார். ஆடு நழுவித் தரையில் விழுந்தது. குதிரைக்கு என்ன புரிந்ததோ, அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தூரத்தில் எனக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் உள்ளே எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை மாட்டிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "தொடையெலும்போட கழுத்து உடைஞ்சு பந்து உள்ளுக்குள்ள அமுங்கிடுச்சு. தொப்பிக்கு ஒண்ணும் மிச்சமில்ல. பன்னிரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அன்று அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை.

மூட்டை முழுதாக மாற்றினார்கள். ஏப்ரலில் ஒரு கல்யாண விருந்துக்கு அத்தான் கைத்தடியோடு வந்தார். வாசல் பக்கம் அவர் வயதுக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் அவர்களைத் தாண்டி மெதுவாக உள்ளே போய்த் தோக்தோசுன் பெரியவரின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் அவர் வயதுக்குரிய கால் எலும்பைக் கொண்டுபோய் வைத்தேன். தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"எனக்கு உரியதைக் கொடு, மாப்ள."

"அத்தான், வேணாம்..."

"கொடுடா."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் தன் முன்னால் இருந்த ஜம்பாஷை எடுத்து அவரிடம் நீட்டினார். அத்தான் அதை வாங்கி, இடுப்புக் கத்தியால் நல்ல கொழுப்புள்ள துண்டாக ஒன்று அறுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தின்னு. அன்னிக்கு இதுக்காகத்தானே நின்னுக்கிட்டிருந்த."

எல்லார் முன்னிலும் நான் அதை வாயில் போட்டு மென்றேன்.