கொட்டாஞ்சேனைப் பூசணியின் சொந்த ஊர்

யுத்த காலத்தில் ஒருமுறை எங்கள் விவசாயத் திணைக்களப் பரிசோதனைத் தோட்டத்துப் பூசணி முழுவதும் மொசேக் வைரஸில் சுருண்டது. நான் அங்கே டெக்னிக்கல் அசிஸ்டன்ட். எங்களிடம் இருந்த விதை லைன் எல்லாம் இரண்டு மூன்று ரகங்களின் பிள்ளைகள். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். வேறு வம்சம் தேடிப் பிடிக்கச் சொன்னார் ஆபீசர் விஜேசிங்க.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்குப் பின்னால் தகரக் கூரையில் படர்ந்த கொடியொன்றைக் கண்டேன். பக்கத்து வளவுக் கொடிகளில் நோய் விழுந்திருக்க, இதன் இலைகள் சுத்தமாக இருந்தன. நட்டவர் அங்கே அறை எடுத்திருந்த ராசம்மா அக்கா. கேட்டதும் ஒரு பிடி விதை தந்தார். முளைத்த கன்றுகளில் வைரஸைத் தேய்த்துப் பார்த்தோம், தாக்குப்பிடித்தன.

விதைச் சேகரிப்பில் அக்செஷன் நம்பர் போட்டுப் பதிய விதையின் ஊர் தெரிய வேண்டும். ஊர் தெரிந்தால்தான் அதுபோன்ற வேறு ரகங்களையும் அங்கே தேடலாம். அக்கா முதலில் சிலாபம் என்றார். பிறகு பதுளை. இன்னொரு நாள், சந்தையில் வாங்கிய காயின் விதை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஜேசிங்க நான்தான் குழப்புகிறேன் என்று நினைத்தார்.

மறுபடி போனபோது அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, விதையைக் கேட்டீங்கள், தந்தனான். ஊரை ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறீங்கள்? பொலிஸும் உந்தக் கேள்விதான் கேக்கிறவங்கள்."

வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; வெள்ளவத்தையில் அந்தப் பதிவுக்கு வரிசையில் நின்றவன் நான். பிறந்த ஊரைச் சொல்ல எனக்கும் நாக்கு ஒட்டும். அப்படியிருந்தும் அக்காவுக்கும் அதே பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. விஜேசிங்கவிடம் சொன்னேன். அவர், கிடைத்த இடம் கொட்டாஞ்சேனை, சொந்த இடம் தெரியாது என்று பதியச் சொன்னார்.

அதை எங்கள் ரகங்களோடு கிராஸ் பண்ணிய கொடிகள் பின்னொரு போகத்தில் நோயில்லாமல் காய்த்தன. ஒரு காயை அக்காவிடம் கொண்டுபோனேன். ஒரு துண்டை அவித்து ருசி பார்த்தவர், தன் ஊரின் பெயரைச் சொல்லி, அந்த மண்ணில் இதைவிட மாப்பிடிக்கும் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையில் கத்தியோடு அப்படியே நின்றார். நான் கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவதுண்டா என்று கேட்டேன். முதற்பால் மட்டும் என்றார்.

பதிவை நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால், யுத்தம் முடிந்த பிறகாவது யாரேனும் அந்த ஊருக்குப் போய்த் தேடியிருக்கலாம். நான் செய்தது சரியா பிழையா என்று இன்றும் தெளிவில்லை. புதிதாக விதை சேகரிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம்: ஒருவர் ஊரை மாற்றி மாற்றிச் சொன்னால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் பாருங்கள்.