அம்மா கைக்கு ஒரு கல்

என் அப்பா லாசரஸுக்குக் கப்பல் பட்டறையில் கடைசல் வேலை. இரும்பைச் சுழலவிட்டு உளியால் சீவி, மயிரிழை பிசகாமல் சாமான் செய்வார். வாய் மட்டும் பிசகும்.

தன் கல்யாணத்தன்று மாதா கோவில் பதிவேட்டில் தான் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டதையும், எழுதத் தெரியாத என் அம்மா மதலேனா கட்டைவிரலை மையில் ஒற்றியதையும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். 'நம்ம வீட்டுக் கைநாட்டு' என்பது அம்மாவுக்கு அவர் வைத்த செல்லப்பெயர். செல்லமாம்! எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும். அம்மாவோ, பங்குக் கோவிலில் மாலை வகுப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள்.

எண்பத்து நாலில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாட்சிக் கையெழுத்தைத் தானும் அப்பாவும்தான் போடப்போவதாக அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. மருந்தில் குறையும், அடியோடு போகாது என்றார் டாக்டர். காகிதத்தில் பேனாவை வைத்தால் 'ம' ஓர் ஓரம், 'த' ஓர் ஓரம். தான் வேண்டுமானால் சாட்சி போடுவதாகச் சித்தி சொன்னாள்.

"அன்னிக்கும் விரலை வச்சேன். என் மவ கல்யாணத்துலயும் நான் ஓரமா நிக்கணுமா?" என்று அம்மா அழுதுவிட்டாள்.

அப்பா அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. அம்மா அம்மியில் மசாலா அரைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உர்சுலா, இங்க பாரு. குழவியைப் பிடிச்சா உங்கம்மாவுக்குக் கை ஆடல. கனம் இருந்தா கை அடங்குது லா."

எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மூலையில் அவருடைய சின்னக் கடைசல் லேத் ஒன்று இருந்தது. மரத்தில் பேனா கடைந்தார், லேசாகிவிட்டது. பித்தளையில் கடைந்தார், வேர்வையில் வழுக்கியது. நிஜக் கல் அவர் உளிக்கு மசியாது. கடைசியில் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜாலான் புசாரில் ஜலாலுதீன் கடைக்குப் போனார். ஹோட்டல்களுக்கு முகம் கழுவும் மேடை செய்கிற கடை அது. கல் தூளையும் பிசினையும் கலந்து வார்க்கும் செயற்கைக் கல்லின் வெட்டுத் துண்டுகள் பின்பக்கம் குவிந்து கிடந்தன.

"எதுண்ணே வேணும்? பச்சை எடுங்க, சீவினா வெண்ணெய் மாதிரி வரும்" என்றார் ஜலாலுதீன்.

"கனமானது எது?"

"கறுப்பு. அதுல தூள் ஜாஸ்தி, பிசின் கம்மி. ஆனா கோபக்காரக் கல்லுண்ணே. கொஞ்சம் சூடானாலும் வெடிச்சிரும்."

கல் கூடினால் கனம் கூடும், உடையும். பிசின் கூடினால் உடையாது, கனம் இருக்காது. இதுதான் சிக்கல். அப்பா ஒவ்வொரு துண்டாக எடுத்து, பானை வாங்குகிறவர் மாதிரி தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். மந்தமாக ஒலித்ததெல்லாம் உள்ளே விரிசல் என்று ஒதுக்கினார். கல்யாணத்துக்குக் கறுப்பா என்று எனக்கே மனசு கூசியது. வெள்ளையில் ஒன்று, பச்சையில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்பில் ஒன்று வாங்கினோம்.

வெள்ளை, துளை போடும்போதே பிளந்தது. பச்சை சொன்னபடி கேட்டது. உள்ளே பித்தளைக் குழாயைச் செருகி, பேனாவின் கீழ்ப்பாதி மேல்பாதி இரண்டையும் கடைந்து மாட்டி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா எழுதினாள். கனம் போதாமல் எழுத்து இன்னும் அலைந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கறுப்பு லேத்தில் ஏறியது.

"கறுப்பா இருக்கேம்மா" என்றேன்.

"கறுப்போ சிவப்போ, கை நிக்குதான்னு பாரு" என்றாள் அம்மா.

அப்பா ஒரு சீவு சீவுவார், நிறுத்துவார், தண்ணீர் தொட்டு வைத்துக் கல் ஆறக் காத்திருப்பார். கீழ்ப்பாதி உடையாமல் முடிந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. மேல்பாதி பாதி வேலையில் இருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். கல் சிதறி, ஒரு சில்லு அப்பாவின் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தரையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, விரல்களையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை. பச்சைப் பேனாவின் மேல்பாதியைக் கழற்றிக் கறுப்புக் கீழ்ப்பாதியில் மாட்டு என்று என்னிடம் சொன்னார். மாட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்தது. நானும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டோம். சாமியார் பதிவேட்டை அம்மா பக்கம் திருப்பினார். பின்னால் சொந்தக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். அம்மா அந்தக் கறுப்பும் பச்சையுமான பேனாவை இறுகப் பிடித்தாள். 'ம' நின்றது. 'த' நின்றது. 'லே'யில் கொம்பு லேசாகச் சாய்ந்தது; நிறுத்தி, மூச்சு வாங்கி, 'னா'வையும் முடித்தாள். கோடு தாண்டவில்லை. அப்பா என் தோளைப் பிடித்திருந்த பிடியை அப்போதுதான் விட்டார்.

அடுத்து அவர் முறை. வலது கையில் கட்டு. இடது கையால் எழுதிப் பார்க்கக் காகிதம் கேட்டார். கோழி கிளறினதுபோல் வந்தது. சாமியார் தயங்கி, கோவில் பிள்ளையிடம் மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா அந்த மைப்பெட்டியைப் பார்த்தபடியே நின்றார். காது மடல் சிவந்துவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அம்மா பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு அவருடைய இடது கையைப் பிடித்து மைப்பெட்டிக்குக் கொண்டுபோனாள்.

"கட்டைவிரலை நீட்டுங்க. ஆடாதீங்க, கலைஞ்சிரும்."

அப்பா நீட்டினார்.

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் 'கைநாட்டு' என்று சொன்னதில்லை, அம்மாவைத் தவிர.