ரேடியோ கேட்கப் போன அண்ணன்

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஜவ்வாது மலையில் ஆள் கிடையாது. ஒடுகத்தூரிலிருந்து புளி வாங்க வரும் மண்டிக்கார பாய் தராசைத் தூக்கினால் அப்பா தட்டைப் பார்க்கமாட்டார், பாயின் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். கோழி ஒரு முட்டை குறைத்து இட்டால் அம்மா முதலில் என் வாயை மோந்து பார்ப்பாள். அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு, பண்டிகையும் இல்லாத லீவும் இல்லாத ஒரு நாளில், என் அண்ணன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“இன்னாடா, தொரத்தி உட்டுட்டாங்களா?”

அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். குடிக்கத் தண்ணீர்கூடப் பிறகுதான் கொடுத்தாள்.

அண்ணன் அடிவாரத்து ஊரில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் அந்த வகுப்பு வரைக்கும் எட்டிப் பார்த்த முதல் ஆள் அவன்தான். ஹாஸ்டலில் இடமில்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு எப்படியோ இடம் கிடைத்தது. சாமி புண்ணியம் என்றார் அப்பா. இந்தப் பரீட்சையில் தேறினால் சர்க்கார் வேலை, தேறாவிட்டால் எங்கள் சாமைக் கொல்லையில் ஏர் பிடிக்க வேண்டியதுதான். அது அண்ணனுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“பள்ளிக்கூடத்தயே மூடிட்டாங்கம்மா. எல்லா ஊர்லயும் மூடிட்டாங்க. இந்தி வேணாம்னு கீழ ஒரே ரகளை. ஹாஸ்டலயும் பூட்டிட்டு எல்லாரயும் வூட்டுக்குப் போகச் சொல்ட்டாங்க.”

“சர்க்காரு பள்ளிக்கூடத்த சர்க்காரே மூடுமா?” என்று சிரித்தார் அப்பா. “எப்பத் தொறப்பாங்களாம்?”

“தெரியலப்பா.”

“பரீட்ச?”

“அதுவும் தெரியல. அதே தேதியில வெப்பாங்களா தள்ளி வெப்பாங்களான்னு வாத்தியாருக்கே தெரியல.”

இதை நம்புவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கு மனசு வரும்? ஏதோ பெண் விவகாரம் என்று அம்மா முடிவு கட்டினாள். யார் தலையையோ உடைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான் என்றார் அப்பா. எதிர்வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருத்தர் மட்டும்தான் அண்ணன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பொய் சொல்ற மூஞ்சி இல்லக்கா” என்றார். எனக்கு ஒன்பது வயதோ என்னவோ. நான் அம்மா கட்சி.

அண்ணன் பாவம், படிக்கத்தான் செய்தான். கணக்கு வாத்தியார் ஜாமெட்ரியைப் பாதியில் விட்டிருந்தார். மீதியை இவனே கற்றுக்கொள்ள வேண்டும், சந்தேகம் கேட்க ஒரு நாதி இல்லை. காகிதத்தை மிச்சம் பிடிக்க, கொல்லை ஓரத்துப் பாறையில் அடுப்புக்கரியால் வட்டமும் முக்கோணமுமாகப் போட்டுத் தள்ளினான். தப்பாக வந்தால் எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு மறுபடி போடுவான். புளி உலுக்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காட்டிலாகாக்காரர்கள் எல்லை அளக்க வரும்போது பாறைகளில் இப்படித்தான் குறி போடுவார்கள். எந்தப் பாறையில் குறி விழுகிறதோ, அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கொல்லை அடுத்த வருஷம் நம்முடையது இல்லை. ஆகவே அண்ணன் போட்ட முக்கோணத்தை அவர்கள் முக்கோணமாகப் பார்க்கவில்லை. மறுநாள் யாரோ பாறை முழுக்கச் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் விடிந்தும் விடியாததுமாகக் காணாமல் போக ஆரம்பித்தான். வெயில் ஏறினதும் திரும்பி வந்து சாமைச் சோற்றைத் தின்றுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். எங்கே போனாய் என்றால் “சும்மா” என்பான். அந்தச் சும்மா அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

“பாப்பா, இவன் எங்க போறான்னு பாத்துட்டு வா” என்றார்.

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? மறுநாள் காலையில் புளியந்தோப்புக்குள் மரத்துக்கு மரம் மறைந்து அவன் பின்னாலேயே போனேன். அவன் போன இடத்தைப் பார்த்ததும் ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். பாரஸ்ட் பங்களா!

எங்கள் ஊரில் காக்கித் துணியைக் கண்டால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். பங்களா பக்கம் ஆடு போனால்கூட ஓட்டிவரப் பெரியவர்கள் யோசிப்பார்கள். அங்கே என் அண்ணன் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பாரஸ்ட் கார்டின் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தான். நிரப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தா ஓரத்தில் குந்தினான். ஜன்னலுக்குள்ளே ஒரு பெட்டி கரகரவென்று கமறிவிட்டுப் பேச ஆரம்பித்தது. பெரிய அதிகாரிகள் வந்து தங்கினால் கேட்பதற்கென்று வைத்திருந்த ரேடியோ அது. மலையில் அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான். பள்ளிகள் மறு அறிவிப்பு வரும்வரை திறக்கப்படமாட்டா என்று அது சொன்னதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறானா என்று எட்டிப் பார்க்கப் போய்க் கார்டின் கண்ணில் பட்டுவிட்டேன்.

“அட, தங்கச்சியும் வந்துட்டியா? வா வா” என்றார் அவர். அடிக்கவில்லை. சமையல் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். “உங்கண்ணனுக்கு ஹாஸ்டல்ல சோறெல்லாம் ஒழுங்கா போட்றாங்களாமா? அங்க கிளார்க்கு நம்ம மச்சான்தான். ஒண்ணும் கவலப்படாதன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு” என்று சிரித்தார்.

வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். எறும்பு ஏறாமல் இருக்க அடுப்புக்கு நேர்மேலே, விட்டத்தில் ஒரு தேன்குடுக்கை தொங்கியது. சுரைக்குடுக்கை. கழுத்தில் விரிசல், விரிசலில் தேன்மெழுகு, அதன்மேல் செம்புக்கம்பி. அது எங்கள் வீட்டுக் குடுக்கை! நான்தான் கீழே போட்டு உடைத்தேன், அதற்கு அம்மாவிடம் முதுகில் வாங்கினேன், அப்பா உட்கார்ந்து கம்பி கட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள் அது ஒடுகத்தூர்ச் சந்தையில் தொலைந்துபோயிற்று என்று அப்பாவே சொல்லியிருந்தார். இப்போது புகை படிந்து கன்னங்கரேல் என்று இங்கே தொங்குகிறது. அடப்பாவி அண்ணா, நம் வீட்டிலேயே திருடினாயா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடிவந்து பங்களா என்ற சொல்லை முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அண்ணன் வாசலில் கால் வைத்ததும் ஓங்கி ஒன்று விட்டார்.

“இனிமே அந்தப் பக்கம் போன, காலை ஒடிச்சிடுவேன். அந்தாளுகிட்ட உனக்கு இன்னாடா பேச்சு?”

“நான் பேசலப்பா. ரேடியோ கேக்கத்தான் போறேன். பள்ளிக்கூடம் தொறந்து பரீட்ச முடிஞ்சாலும் இந்த மலையில குந்திக்கினு இருந்தா எவன் வந்து எனக்குச் சொல்லப்போறான்?”

அடியை வாங்கிக்கொண்டும் மறுநாள் போனான். அதற்கு மறுநாளும் போனான். அவனைத் தடுக்க முடியாத கோபத்தில் இருந்த அப்பாவிடம் குடுக்கை விஷயத்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சமயம் வரட்டும் என்று மடியில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சமயம் சீக்கிரமே வந்தது. ஒரு நாள் மத்தியானம் காக்கிச் சட்டைகள் நாலைந்து ஊருக்குள் நுழைந்தன. இந்த வீடு அந்த வீடு என்று தேடவே இல்லை. நேராக மாமாவின் சாமைத்தாள் போருக்குப் போய், ஒரே இடத்தில் கையை விட்டு, சந்தனக்கட்டையை உருவி எடுத்தார்கள். மாமாவின் கையைக் கட்டித் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அத்தை மண்ணில் புரண்டு அழுதாள். சில நாள் கழித்து அபராதம் கட்டி விடுதலையாகி வந்த மாமா யாருடனும் சிரிக்கவில்லை. ஊரைக் கூட்டச் சொன்னார்.

பலாமரத்தடியில் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்தார். பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம். மாமா அண்ணனைப் பார்க்காமல் பேசினார்.

“கட்டய வெச்சது எனக்கும் எங்கக்கா வூட்டு மச்சானுக்கும்தாங்க தெரியும். போரு போட்டதே மச்சான்தான். அவரு வாயத் தொறந்து இவன்கிட்ட இன்னா சொன்னாரோ, இவன் நாள் தவறாம பங்களாவுக்குப் போறான். பொய் சொல்ற மூஞ்சி இல்லன்னு சொன்னது நான்தானுங்க. என்னய செருப்பால அடிக்கணும்.”

அப்பா எழுந்து நின்றார். நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் பேசினார். “எம் புள்ளைக்கும் அந்தக் கார்டுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல! எங்க வூட்லேருந்து அவன் வூட்டுக்கு ஒரு துரும்பு போனதில்ல!”

பொய் என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கே தெரியாமல் அண்ணன் அவரை ஏமாற்றியிருக்கிறானே என்று ஆத்திரம் வேறு.

“நம்ம வூட்டுத் தேன்குடுக்கை அங்க தொங்குதுப்பா!” என்று கத்திவிட்டேன். “கம்பி கட்டினது! நான் பாத்தேன்!”

நின்றிருந்த அப்பா மெல்ல உட்கார்ந்தார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகிற்று. ஊர்க்கவுண்டர் மெதுவாகக் கேட்டார்.

“யாரு குடுத்தது அத?”

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாங்க குடுத்தேன்” என்றான் அண்ணன். “ரேடியோ கேக்க உடணும்னு.”

“தேன் மட்டுந்தான் குடுத்தியா?” என்றார் மாமா. அதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை.

அந்தத் திமிர்தான் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. இனி ஊர் சொல்லும்வரை அவன் மலையில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள் அல்லவா நான்!

பொழுது சாய அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “பாப்பா, அந்தக் குடுக்க புதுசாட்டம் இருந்துச்சா, கறுத்துப்போயி இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“நல்லா கறுத்துப்போயிருந்துச்சும்மா, சட்டியாட்டம்.”

அம்மா ஊதுகுழலை மறுபடி எடுத்து ஊதினாள். அன்று களியை உருட்டி எல்லோருக்கும் வைத்தவள், அப்பாவுடையதைத் தட்டோடு தரையில் தள்ளிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் அப்படித்தான்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் கிளம்பினான். தகரப் பெட்டியை அவன் தூக்கப் போனபோது அப்பா பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஊரே பார்க்க, அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் அடிவாரம்வரை நடந்தே போனார். திருடினவன் கையை வீசிக்கொண்டு போகிறான், இவர் எதற்குச் சுமக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒடுகத்தூரில், அப்பா கட்டைவிரலைப் பார்ப்பாரே, அதே பாயின் மண்டியில்தான் அண்ணனுக்குப் படுக்க இடம் கிடைத்தது. புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தான். கீழே ஊரில் ஆளுக்கு ஆள் செய்தி சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறந்தது, பரீட்சை நடந்தது, அண்ணன் தேறினான், வேலைக்கும் போனான். பிற்பாடு ஊர் தடையை நீக்கியது. திருவிழாவுக்கு வருவான், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவான். மாமா கடைசிவரை அவன் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. தேனோடு சேர்த்து வேறு என்ன போயிற்று என்று அப்பாவும் சாகும்வரை சொல்லவில்லை. அண்ணன் கேட்டதாகவும் தெரியவில்லை.

எனக்குப் புதூர்நாட்டுப் பக்கம் கல்யாணமாயிற்று. தனிக்குடித்தனம் வந்த புதிதில், எறும்புக்குப் பயந்து, அடுப்புக்கு நேர்மேலே விட்டத்தில் ஒரு புதுத் தேன்குடுக்கையைத் தொங்கவிட்டேன். மூன்று வேளையும் ஈர விறகு, வீடெல்லாம் புகை. பள்ளிக்கூடம் மூடின அந்த முறை அண்ணன் மலையில் இருந்தது ஒரு மாசம்கூட இருக்காது. குடுக்கையைத் தொங்கவிட்டு ஒரு மாசம் கழித்து ஒரு நாள் தேன் எடுக்க அதை இறக்கினேன். ஒரு மாசப் புகையில் அது கறுக்கவே இல்லை, அப்படியே மஞ்சளாக இருந்தது.