பந்திக்கு மிச்சம் விட்டது

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோக்களை டிவிடியாக்கித் தந்துகொண்டிருந்தேன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இனியும் மறைப்பதற்கில்லை.

நைனார்பாளையத்துக் கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. கல்வராயன் மலைமேல் டீக்கடை வைத்திருந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் கல்யாணத்தை இரண்டு டிவிடியில் கொடுத்திருந்தேன். சில நாளில் புருஷன் திருப்பிக் கொண்டுவந்தான்.

"தாலி எடுத்த கையோட படம் நின்னுபோவுது சார். கல்யாணம் ஆச்சா இல்லியான்னு கடையில கேட்டு சிரிக்கிறானுங்க."

தவறு என்னுடையது. படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவை, மிக உயர்த்தி வைத்திருந்தேன். அவனுடைய பழைய பிளேயரால் அத்தனை வேகத்தில் படிக்க முடியவில்லை. கூடவே, கடையில் வியாபாரத்துக்கு நடுவே டிவிடி மாற்ற முடியாது, எல்லாம் ஒன்றிலேயே வேண்டும் என்றும் கேட்டான்.

ஒரு டிவிடியில் இடம் பாதிதான். மணமேடைக்கு அந்தப் பிளேயர் தாங்குகிற அளவுவரை கொடுத்தேன். மிச்சத்தில் பந்திக்குக் கொஞ்சம் விட்டேன். ஆவியும் ஆட்களும் அசைகிற பந்திக்குத்தான் தரவு அதிகம் வேண்டும். குறைத்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். அது தெரிந்தே செய்தேன். சாப்பிடுகிறவர்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். புது டிவிடி மலையில் நிற்காமல் ஓடியது. அடுத்த முகூர்த்த சீசனுக்கு இடம் வேண்டியிருந்ததால், அவர்களைக் கேட்காமலேயே அசல் வீடியோவை அழித்தேன்.

போன வருஷம் அந்தப் பெண் தனியாக வந்தாள். அம்மா செத்துப்போனார் என்றாள். அப்பா முன்பே இறந்துவிட்டதால், கல்யாணத்தன்று அம்மா மேடைப் பக்கமே வரவில்லையாம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாராம். வீட்டில் இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். டிவிடியில் முகம் கலங்கலாக இருப்பதால், என்னிடம் அசல் இருக்கும் என்று நம்பி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். சிரிக்கிற முகத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டவேண்டும்.

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தேடிப்பார்க்கிறேன் என்றேன். இல்லாதது தெரிந்தே ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்காகச் சொருகித் திறந்துகொண்டிருந்தேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் திரையை எட்டிப்பார்த்தாள். கடைசியில் அவள் கொண்டுவந்த டிவிடியையே போட்டேன். பந்தி வந்தது. வாளியோடு ஒரு பெண் குனிந்தாள். கன்னம் ஒரு கட்டம். வாய் இருக்கவேண்டிய இடத்தில் சில கட்டங்கள்.

"அந்தப் பக்கம் வெளிச்சம் கம்மி" என்றேன்.

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். "எங்கம்மா அப்படித்தான் சார். கேமராவ கண்டா தூணு பின்னால போய் நின்னுக்கும். அது மேலதான் தப்பு."

செத்தவள்மேல் பழி போனதை என்னால் தாங்க முடியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு, தகப்பன் இல்லாத கல்யாணத்தில் பெண்ணின் தாய் எங்கே நிற்பாள் என்பது தெரியாததல்ல. வெளிச்சம் நன்றாகவே இருந்தது, குறைத்தது நான், அழித்ததும் நான் என்று சொன்னேன்.

அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவ பாத்துட்டுத்தான் கம்மி பண்ணீங்களா?"

"இல்லம்மா. பாக்கவே இல்ல."

திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். பந்தி வந்ததும் எழுந்து, திரைக்கு அருகில் போய் அந்தக் கட்டங்கள்மேல் விரலை வைத்தாள்.

"தோ, இப்ப சிரிக்குது பாருங்க" என்றாள்.

எனக்கு எதுவும் தெரியவில்லை.