அக்காவின் உதட்டுப் புள்ளிகள்

அந்தக் கைக்கண்ணாடியில் ஒரு மூலை ரசம் போயிருக்கும். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, உத்திரமேரூர் வீட்டு வாசல் வெயிலில் நின்று அக்கா அதில் தன் கீழுதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினாள். "இன்னாடா, நல்லா பாத்து சொல்லு. புள்ளி எதனா கீதா?"

எங்கள் அப்பாவை நைனா என்போம். அவருக்கு உதடு முழுக்க மிளகு தூவியது மாதிரி கரும்புள்ளிகள். அக்காவுக்கும் அப்படியே. நைனா ஜாடை என்று ஊரே அவளைக் கொஞ்சியது. நாற்பது வயதில் அவர் வயிற்றுவலியில் துடித்துச் செத்தபோதுகூட யாரும் அந்தப் புள்ளிகளைச் சந்தேகப்படவில்லை. அக்காவுக்கும் அதே வலி வந்து சென்னைக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே அவள் உதட்டைப் பார்த்தார். பரம்பரை நோய், சிறுகுடலுக்குள் கட்டி கட்டியாக முளைக்கும் என்றார். வயிற்றைக் கிழிக்காமலே, பலூன் வைத்த நீளக் குழாயை வாய்வழியே குடல்வரை விட்டு, கம்பிச் சுருக்குப் போட்டு ஐந்து கட்டிகளை அறுத்தெடுத்தார்கள். மறுபடி முளைக்கும், வலி இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்தில் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அக்கா தலையாட்டினாள். நானும்தான் ஆட்டினேன்.

வலி வரவில்லை. புள்ளிகளும் வெளுத்துக்கொண்டே வந்தன. வயது ஏற ஏற உதட்டுப் புள்ளி தானாக மங்கும், குடலில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். டாக்டர் சொன்ன இரண்டு வருடம் முடிந்து, கண்ணாடி பார்த்த அந்தக் காலைக்கு மறுநாள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். நான் அவள் முகவாயைப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லக்கா, சுத்தமா போயிடுச்சு" என்றேன்.

"அப்ப நோவும் வேரோட போயிடுச்சு. நாத்து நட ஆளு வந்துகினு கீது. இன்னாத்துக்கு மறுபடியும் அந்தக் குழாய முழுங்கணும்?" என்று சிரித்தாள். நாங்கள் போகவில்லை.

அடுத்த வருடம், வளர்ந்த கட்டி ஒன்று குடலைக் குடலுக்குள்ளேயே இழுத்துச் சொருகிவிட்டது. செங்கல்பட்டுக்கு வேனில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடுச்சுன்னு சொன்னியேடா" என்றாள். பழியாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டாள். மூன்றாம் நாள் பிணமாகக் கொண்டுவந்தோம். அப்படிச் சொன்ன என் பாவி வாய் இன்னும் மூன்று வேளையும் சோறு தின்கிறது.

அவள் மகள் என் வீட்டில்தான் வளர்கிறாள். பத்து வயது. அவள் உதட்டிலும் அதே மிளகுப் புள்ளிகள். நாளைக்கு அவளுக்கு முதல் தடவையாகக் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். இன்று காலை அதே கண்ணாடியை எடுத்துவந்து, உதட்டைப் பிதுக்கிக் காட்டி, "மாமா, இதெல்லாம் போயிடுமா?" என்று கேட்டாள். போய்விடும். அது எனக்குத் தெரியும். கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.